கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு

ஆரணியில் பட்டுக்கடைக்கா பஞ்சம்? பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் சிவப்பும் பச்சையும் மாம்பழ மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும். அவ்வளவு கடைகளையும் தாண்டி, சர்ச்சுக்குப் பின்பக்கத் தெருவில், எங்கள் வீட்டு முன்னறையில் எங்கள் கடை. அங்கே ஒரே நிறம்தான். வெள்ளை. அதிலேயே தூய வெள்ளை, பால் வெள்ளை, சந்தன வெள்ளை என்று என் வீட்டுக்காரர் ரகம் பிரிப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எது எதுவென்று சொல்லிவிடுவேன்.

எங்கள் சபைப் பெண்கள் சர்ச்சில் தாலி கட்டிக்கொள்ளும்போது உடுத்துகிற வெள்ளைப் பட்டு அது. கரையில் மெல்லிசாக ஜரிகை, உடம்பில் அங்கங்கே சின்னப் பூ, அவ்வளவுதான். எல்லாத் தறிக்காரரும் இதை நெய்ய ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சின்ன அழுக்கு பட்டாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் இரண்டே வீட்டில்தான் எங்களுக்கு நெய்து தந்தார்கள்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. புடவையைத் தேர்ந்தெடுத்து முடித்ததும் அவர் கேட்பார்: "பொண்ணு பேரு இன்னாங்க?" பெயரைச் சொன்னதும் புடவையின் மேல் வலது கையை வைத்து, கண்ணை மூடி, அந்தப் பெயரைச் சொல்லி ஒரு சின்ன ஜெபம் பண்ணுவார். பிறகு நீலக் காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுப்பார். பேரம் பேசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்கள்கூட அந்த நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார்கள். ஒரு முறை அவசரக்காரர் ஒருவர், "பேரெல்லாம் எதுக்குங்க, ஜல்தியா கட்டுங்க" என்றார். "பேரு தெரியாத பொண்ணுக்கு நான் பொடவ குடுக்கறதில்லீங்க" என்று இவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும்போல் இருந்தது எனக்கு. வந்த வியாபாரத்தை யாராவது இப்படி விரட்டுவார்களா? கடைசியில் அந்த மனிதர் பெயரைச் சொல்லித்தான் வாங்கிப் போனார்.

அந்தக் கேள்வியைக் கேட்கிற வாய்ப்பு வரவரக் குறைந்தது. பெண்கள் கவுனுக்குப் போய்விட்டார்கள். ஊரைச் சொல்வானேன், என் சொந்த மகளே சென்னையில் கவுன் போட்டுக்கொண்டுதான் பீடத்தின் முன்னால் நின்றாள். அப்பன் கடை முழுக்க வெள்ளைப் புடவை, மகள் வாடகைக் கவுனில்! எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்குப் பிரியாணி இறங்கவில்லை. அவர்தான், "அவளுக்குப் புடிச்சத அவ போட்டுக்கட்டும், நீ வாய மூடு" என்று சொல்லிவிட்டு எல்லாப் போட்டோவிலும் சிரித்துக்கொண்டிருந்தார். புடவையே கட்டுவேன் என்கிற பெண்களும் குடும்பத்தோடு காரில் கிளம்பிப் பெரிய ஊர்க் கடைகளில் மாடி மாடியாக ஏறி இறங்கினார்கள். எங்கள் முன்னறைக்கு யார் வருவார்கள்?

விற்காத வெள்ளை சும்மாவும் இருக்காது. மடிப்போரம் மஞ்சளாகப் பழுக்கத் தொடங்கிவிடும். அதனால் அவ்வப்போது எல்லாவற்றையும் பிரித்து, மடிப்பை மாற்றி, காகிதத்தையும் மாற்ற வேண்டும். வாங்க ஆளில்லாத புடவைகளுக்கு நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பணிவிடை செய்துகொண்டிருந்தோம்.

என் தம்பி செய்யாறில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு நாள் வந்து, "மாமாவ வாட்ச்மேனா சேத்து உடறேங்க்கா. கம்பெனி பஸ்ஸு தெருமுனைக்கே வருது" என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது. முழங்கால் வலியோடு இருக்கிற மனிதர், இத்தனை வருஷம் தன் கடையில் தானே எஜமானாக உட்கார்ந்தவர், கேட்டில் நின்று லாரி நம்பர் எழுதுவதா? இவரோ கொஞ்சமும் கோபப்படவில்லை. "ஈஸ்டர் வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள ஜனங்க வரலன்னா பஸ் ஏறிடறேன்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம், லெந்து நாட்கள் என்போம், அப்போது எங்கள் சபையில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கும். அந்தக் கல்யாணங்களுக்கெல்லாம் லெந்து நாட்களில்தான் துணி எடுத்தாக வேண்டும். எங்களுக்கு இருந்தது அந்தச் சில வாரங்கள்தான். அவரைப் பஸ் ஏற விடக்கூடாது என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

அந்தச் சமயம் பார்த்து, ஊர் வியாபாரிகளுக்கு ஆன்லைன் வியாபாரம் கற்றுத் தருவதாக ஒரு கல்யாண மண்டபத்தில் வகுப்பு நடத்தினார்கள். அவரைக் கூப்பிட்டேன். "என் பொடவ பேசும், நான் எதுக்குப் பேசணும்" என்றார். ஆமாம், பேசிக் கிழித்தது! நான் மட்டும் போனேன். மளிகைக்கடைக்காரர், பேக்கரிக்காரர், நாலைந்து பட்டுக்கடைப் பிள்ளைகள் என்று மண்டபம் நிறைய ஆள். சட்டைக் காலரில் மைக் மாட்டிய ஒருவர் சென்னையிலிருந்து வந்திருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும்.

"மூணே மூணு செகண்டுங்க. அதுக்குள்ள புரியலன்னா கட்டவிரல் தள்ளி உட்டுடும். உங்க பொருள் இன்னா, யாருக்கு, எப்படி வாங்கறது. மூணு வரி போதும். ஒரு வார்த்த எடுத்தாலும் அர்த்தம் கெடாதுன்னா, அந்த வார்த்தைய எடுத்துடுங்க" என்றார்.

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. என் குணமும் அதுதான். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. சுற்றி வளைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

ஆனால் போனைத் தூக்கிப் பிடித்ததும் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. முதல் வீடியோவில், "அனைவருக்கும் கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரங்கள்" என்று தொடங்கி, எங்கள் கடையின் வரலாறு, என் மாமனார் தொடங்கியது, போதகர் வந்து திறந்து வைத்தது என்று சொல்லி முடிப்பதற்குள் போனில் இடம் தீர்ந்துவிட்டது. புடவை வரவேயில்லை. இரண்டாவதில் அவரை நிற்கவைத்தேன். அவர் ஜரிகைக்கும் பட்டுக்கும் எப்படி விகிதம் பார்க்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். பார்த்தது யார் தெரியுமா? என் நாத்தனார், என் தம்பி, சபைப் பாடகர் குழுவில் மூன்று பேர். நாத்தனார் கைகூப்புகிற பொம்மையை மட்டும் அனுப்பியிருந்தாள்.

சரி, இப்படியே போனால் உருப்பட்ட மாதிரிதான் என்று வகுப்பில் சொன்னதை அப்படியே செய்ய உட்கார்ந்தேன். ட்யூப்லைட்டில் வெள்ளை நீலமாகத் தெரிந்ததால் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பால் வெள்ளையைப் பிரித்துத் தொங்கவிட்டேன். காற்றில் அது லேசாக அசைந்தது. எனக்கே கண் கலங்குகிற அழகு. பேச்சு வேண்டாம், எழுத்து மட்டும் என்று முடிவு செய்தேன். "கிறிஸ்தவ சர்ச் திருமணத்திற்கு ஏற்ற, ஆரணித் தறியில் நெய்த வெள்ளைப் பட்டுப் புடவைகள் எங்களிடம் கிடைக்கும்" என்று முதலில் எழுதினேன். நீளம். ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தேன். எங்களிடம் கிடைக்கும் என்பது எதற்கு? போயிற்று. தறியில் நெய்த என்பதும் போயிற்று. கடைசியில் நின்றது இதுதான்: "கல்யாணத்துக்கு வெள்ளைப் பட்டு. ஆரணியில். போன் பண்ணுங்க."

சர்ச் என்ற வார்த்தையையும் நான்தான் எடுத்தேன். எடுத்தபோது ஏதோ குறைகிறது என்று தோன்றவே இல்லை. என் அம்மா வெள்ளையில் கல்யாணம் பண்ணிக்கொண்டார், நானும் வெள்ளையில்தான். எங்கள் கடைக்குள் நுழைந்த எல்லாரும் வெள்ளைக்காக வந்தவர்கள். கல்யாணம் என்றால் எனக்கு வெள்ளை. அதற்கு விளக்கம் வேண்டும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவரிடம் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார். "நல்லா இருக்குது" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதே பெரிது.

மறுநாள் காலையில் போனை எடுத்தால் நிற்காமல் அதிர்ந்துகொண்டிருக்கிறது. பார்த்தவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. ஏங்க, ஏங்க என்று நான் கத்திய கத்தலில் அவர் பல்துலக்குகிற பிரஷ்ஷோடு ஓடிவந்தார். இரண்டு பேரும் தலையோடு தலை சேர்த்துப் படிக்க உட்கார்ந்தோம்.

"கல்யாணத்துக்கு வெள்ளையா? வெளங்கிடும்."

"மாப்ள உசுரோட இருக்காரான்னு கேட்டுட்டு வாங்குங்க."

"பொண்ணுக்கா, பொணத்துக்கா?"

கடைசியாக எழுதியவனுக்குக் கீழேதான் சிரிக்கிற முகம் கொட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே அவனைப் பாராட்டி நூறு பேர். யாரோ எங்கள் வீடியோவுக்கு ஒப்பாரி சேர்த்து மறுபடியும் போட்டிருந்தார்கள். அது எங்களுடையதைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் புடவையை நெய்தவருக்கு, மடித்தவருக்கு, அதைக் கட்டிக்கொண்டு நின்ற எத்தனையோ பெண்களுக்குச் சேர்த்து என் வயிறு எரிந்தது. அவர் எழுந்துபோய் வாய் கொப்பளித்தார்.

எதிர்வீட்டு அக்கா வந்து தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா நீ, சர்ச்சு கல்யாணம்னு ஒரு வார்த்த போட்டிருக்கக் கூடாதா? எங்க ஜனம் வெள்ளையப் பாத்தா இன்னா நெனைக்கும்? என் நாத்தனாரு பையனே எனக்கு அனுப்பிச்சி சிரிச்சிகினு கெடக்கறான்."

அன்றைக்கே சர்ச் என்ற வார்த்தையைச் சேர்த்துத் திரும்பப் போட்டேன். அதை ஈ காக்கை பார்க்கவில்லை. இதென்னடா ரோதனை என்று உட்கார்ந்து, எங்கள் வழக்கம் இது, வெள்ளை என்றால் எங்களுக்குத் தூய்மை என்று ஒரு விளக்க வீடியோ போட்டேன். நிதானமாக, ஒருவரையும் திட்டாமல் பேசினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பொறுமையாகப் பேசியதே கிடையாது. பார்த்தது மறுபடியும் அந்த நாத்தனாரும் பாடகர் குழுவும்தான். கேலியை மட்டும் ஊரே கையில் வைத்துக்கொண்டு அலைந்தது.

போனும் வந்தது, வராமல் இல்லை. "ஹலோ, மாப்ள செத்துட்டாரு, ஒரு வெள்ளப் பொடவ அனுப்புங்க" என்று சொல்லிச் சிரிக்கிற வாலிபர்கள். "இதே டிசைனு அரக்குல இருக்குதாங்க?" என்று நிஜமாகவே கேட்ட ஓர் அம்மா. டீக்கடையில் இவரைப் பார்த்து, "இன்னா அண்ணாத்த, வைரல் ஆயிட்டீங்க" என்று முதுகில் தட்டினார்களாம். வீட்டுக்கு வந்து சொன்னார். "ஜனங்க பாக்கணும்னு சொன்ன இல்ல, பாத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை அது. இருந்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின வாரம். யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கிற ஓலையைச் சர்ச்சில் அடுத்தடுத்து வாசித்தார்கள். ஒரு குடும்பம்கூட எங்கள் படி ஏறவில்லை. அப்போதுதான், காலையில் நான் கல்லில் தோசை ஊற்றியிருந்த நேரத்தில், அந்தப் போன் வந்தது.

"அந்த வெள்ளப் பட்டு வீடியோல போட்டீங்களே, அதே பொடவ இருக்குதாங்களா?"

சிரிப்பு வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை. இருக்கிறது என்றேன்.

"தேசூர் பக்கத்துல இருந்து பேசறேங்க. எங்க அம்மா விடியக்கால தவறிட்டாங்க. நாலு மணிக்கு அடக்கம். அந்தப் பொடவதான் கட்டணும். இப்பவே கெளம்பி வரேங்க."

அவர் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். போனில் புடவை என்ற பேச்சு காதில் விழுந்துவிட்டது. "கஸ்டமரா? நேர்லயே வராங்களா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். மீதியைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அதற்குள் தேய்த்த சட்டையை எடுக்கப் போய்விட்டார். கடைக்குள் போய் விளக்கைப் போட்டார், கண்ணாடி அலமாரியைத் துடைத்தார், பாயைத் தட்டி விரித்தார். நாலைந்து மாதத்துக்குப் பிறகு அந்த மனிதர் வாயில் ஒரு பாட்டு முனகல். நான் எப்படிச் சொல்வேன்? கல்லில் தோசை கருகுகிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கூட யாரும் இல்லை. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஜன்னலில் தொங்கிய அதே பால் வெள்ளையைக் காட்டி, "இதாங்க" என்றார். விலையைக் கேட்கவில்லை, ஜரிகையைத் தடவிப் பார்க்கவில்லை. இவருக்கு அதுவே சந்தோஷம். புடவையை இறக்கி, மடிப்பு கலையாமல் பாயில் வைத்து, மண்டியிட்டு, வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணு பேரு இன்னாங்க?"

வந்தவர் தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். பழைய காலத்து வேதாகமப் பெயர். இவர் கையைப் புடவையின் மேல் வைத்துவிட்டு, "கல்யாணம் என்னிக்குங்க?" என்றார்.

"இல்லீங்க. அம்மாங்க. இன்னிக்கி சாயங்காலம் அடக்கம்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வந்தவருக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "எங்க ஊர்ல எல்லாரும் அந்த வீடியோவ அனுப்பிச்சி சிரிச்சிகினு இருந்தாங்க. நான் எங்க அம்மாகிட்ட காட்டினேன், படுக்கையில இருந்தாங்க. பாத்த ஒடனே, 'இது மாதிரிதான்டா என் கல்யாணப் பொடவ'ன்னாங்க. அந்தப் பொடவ அப்பவே என் அக்கா ஞானஸ்நானத்துக்குக் கிழிச்சி கவுனு தெச்சிட்டாங்களாம். திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டச் சொன்னாங்க. எழுதியிருந்தது அவங்களுக்கே படிக்க வந்திச்சி. பெருசா, தெளிவா இருந்திச்சி இல்ல."

இவர் கண்ணை மூடினார். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபித்தார். எப்போதும் சொல்கிற வார்த்தைகள் உதவாது என்பதால் நடுநடுவே நின்று நின்று சொன்னார். நீலக் காகிதத்தில் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தார். வந்தவர் தெருமுனை திரும்புகிறவரை இவர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வந்து விளக்கை அணைத்தார். முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று அவர் என்னைக் கேட்கவில்லை.

அந்த அடக்கத்துக்கு வந்த ஜனம் புடவையைப் பார்த்திருக்கிறது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டிருக்கிறது. அடுத்த வாரமே வந்தவாசிப் பக்கமிருந்து ஒரு போன், செய்யாறிலிருந்து ஒரு போன். எல்லாம் பெரியவர்களுக்கு, எல்லாம் அவசரம். யாரும் சிரிக்கவில்லை. யாரும் பேரம் பேசவில்லை. புனித வெள்ளியன்று சர்ச்சிலிருந்து வரும் வழியிலும் ஒரு போன் வந்தது.

பொருள் என்ன, யாருக்கு, எப்படி வாங்குவது. வகுப்பில் சொன்ன மூன்று வரியில் நடுவரியை மட்டும் மாற்றினால் கடை பிழைத்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. வெட்கத்தை விட்டு அவரிடம் சொன்னேன். "அடக்கத்துக்குன்னு போட்டுடலாங்க. நீங்க பஸ் ஏற வேணாம்."

அவர் தன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "நீ சொல்றது தப்பில்ல. யாராவது ஒருத்தர் விக்கத்தான் வேணும். ஆனா இந்த வாசல்ல ஆளு வரும்போதெல்லாம் எந்த வீட்ல யாரு போனாங்களோன்னு நெனச்சிகினு என்னால உக்கார முடியாது. அந்தக் கேள்விய நான் இனிமே எப்படிக் கேப்பேன், சொல்லு" என்றார்.

வாயாடி என்று ஊரெல்லாம் பெயரெடுத்த நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, கடையைக் காலி செய்தோம். விற்காத புடவைகளைத் தறிக்காரர்களே எடுத்துக்கொண்டு சாயம் போட்டு விற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள். அவற்றை அரக்காகவும் பச்சையாகவும் யாராவது கல்யாணத்துக்குக் கட்டுவார்கள். மனம் ஆறவில்லை. கம்பெனியில் கொடுத்த காக்கிச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது. ஜன்னலோரம் ஒரு சந்தன வெள்ளை மட்டும் மிச்சமிருந்தது. தறிக்காரரிடம் அதை நான்தான் தராமல் வைத்துக்கொண்டேன்.

"இது யாருக்கு?" என்றார்.

"எனக்கு. பீரோல இருக்கட்டும்" என்றேன்.

எந்த நாளுக்கு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பாயில் முழங்கால் வலியோடு மண்டியிட்டு, மடிப்போரம் சரிபார்த்து மடித்தார். கையை அதன் மேல் வைத்துக் கண்ணை மூடினார். பெயரைக் கேட்கவில்லை.